திட்டிவாசல் காத்த வீரக்கருத்தான்

அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீங்க, அந்தப் பொஸ்தகத்தைக் கொஞ்சம் மூடி வைக்கீங்களா? பஸ் ஏறுனதுலேர்ந்து பாக்கேன், குனிஞ்ச தலை நிமிராமப் படிச்சிட்டு வாரீங்க. 'மதிலோரத்து மல்லிகை.' மூடாட்டாலும் பரவால்ல, அட்டை எம்பக்கம் தெரியாமப் பிடிச்சுக்கிடுங்க, புண்ணியமாப் போகும்.

எந்த இடத்துல இருக்கீங்க? கும்பினிக்காரன் பீரங்கி வந்து இறங்கிருச்சா? அப்போ இன்னும் பத்துப் பக்கந்தான். ஒருத்தன் வருவான். கோட்டைக்கதவுல சின்னதா ஒரு கதவு இருக்கும்லா, ஒரு ஆள் குனிஞ்சு போறாப்புல, திட்டிவாசல்னு சொல்லுவாங்க. அதைத் தொறந்து வெள்ளைக்காரனை உள்ள விட்டுருவான். வீரக்கருத்தான்னு பேரு. அவன் எங்க பூட்டன்.

ஆமா, எங்க பூட்டன்தான். அதுக்கு ஏன் தள்ளி உக்காருதீங்க? நான் என்ன உங்க பையைவா எடுத்துட்டு ஓடப் போறேன்?

கோவில்பட்டிதானே போறீங்க? நானும் அங்கதான். என் மக கல்யாணத்துக்குப் போறேன். சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்லுதேன். பத்தரைக்கு மேல பன்னெண்டுக்குள்ள முகூர்த்தம். பெத்த மக கல்யாணத்துக்கு, பட்டு வேட்டியைக் கட்டிக்கிட்டு, ஒத்தையில, டவுன் பஸ்ல போறவனைப் பாத்திருக்கீங்களா? நல்லாப் பாத்துக்கிடுங்க, நாந்தான். பொண்டாட்டி நேத்தே போயிட்டா. சொந்தபந்தம் எல்லாம் காலையில வேன்ல போயிட்டு. எனக்கு அந்த வேன்ல எடமில்லைன்னு யாரும் சொல்லலை. ஏறுங்கன்னும் ஒருத்தரும் சொல்லலை.

எல்லாம் இந்தப் பொஸ்தகத்தால வந்த வினை. பொஸ்தகத்தால கூட இல்ல, எழுதுனாரே பொழிலரசு, அந்த மனுசனால. அவரு நாசமாப் போகணும்னு நான் சொல்லலை. ஆனா நல்லாயிருக்கணும்னும் சொல்ல மாட்டேன்.

எங்க ஊரு செங்கரடு. உங்க கையில இருக்குத பொஸ்தகத்துல வருதே, அதே செங்கரட்டுக் கோட்டைதான். இப்போ கோட்டையுமில்ல கொத்தளமுமில்ல, ஒரு மண்மேடும் நாலு கருவேல மரமுந்தான். அங்க எனக்கு உரக்கடை. பூலுடையார் உரக்கடைன்னு கேட்டா சின்னப்பிள்ளையும் கை காட்டும். அந்த மனுசன் ஒருநாள் மத்தியானம் ஜோல்னாப் பையை மாட்டிக்கிட்டு, தொப்பலா வேர்த்து, கடை வாசல்ல வந்து நின்னாரு. சரித்திர நாவல் எழுதப் போறேன், கோட்டையைப் பத்தி விவரம் சொல்ல யாராவது இருக்காங்களான்னு கேட்டாரு. ஊரெல்லாம் கேட்டுப் பாத்துட்டாராம், ஒருத்தனும் மதிச்சுப் பேசலையாம். நான் என்ன செஞ்சேன்? உள்ள கூப்பிட்டு உக்கார வச்சேன். மோர் குடுத்தேன். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி நாட்டுக்கோழி அடிச்சு சோறு போட்டேன். வண்டியில உக்கார வச்சு மண்மேட்டைச் சுத்திக் காட்டினேன். அங்க நின்னுதான் சொன்னேன், "இந்தா, இந்த எடத்துலதான் சார் திட்டிவாசல் இருந்துச்சு. அதுக்குக் காவல் எங்க பூட்டன் வீரக்கருத்தான். சாவி எப்பவும் அவரு இடுப்புல இருக்கும். ராசாவே வந்தாலும் அவரு கண்ணசைச்சாத்தான் கதவு அசையும்"னு.

அவரு கண்ணு அப்படியே விரிஞ்சிட்டு. "அருமை, அருமை"ன்னு குறிச்சுக்கிட்டாரு. "எங்க பூட்டன் பேரை மட்டும் எங்கயாவது ஒரு எடத்துல போட்டுருங்க சார், எனக்கு அது போதும்"னு கையைப் பிடிச்சுக்கிட்டேன். "ஒரு இடத்துல என்ன, முக்கியமான பாத்திரமாவே வச்சுடறேன்"னாரு. வச்சாரே! நல்லா வச்சாரு!

ஒரு விசயம் கேப்பீங்க, உங்க முகத்துலயே தெரியுது. இது எப்படி உங்களுக்குத் தெரியும்னு. அண்ணாச்சி, இது எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சது. அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுல மொதப் பரிவட்டம் எங்க வீட்டுக்குத்தான். மைக்குல கூப்பிடுவாங்க, "கோட்டைவாசல் காத்த வீரக்கருத்தான் வகையறா, பூலுடையார்!"னு. பூசாரி பட்டுத் துணியை எடுத்துத் தலையில கட்டுவாரு. தேங்காமுறி மொதல்ல என் கையில வரும். பொறவுதான் மத்தவங்களுக்கு. அந்த நேரத்துல ஒரு மனுசனுக்கு நெஞ்சு எப்படி இருக்கும்னு நினைக்கீங்க? வருசம் பூரா யூரியா மூட்டையைத் தூக்கிப் போட்டவனுக்கு அன்னைக்கு ஒருநாள்தான் தலை நிமிரும்.

எத்தனை தலைமுறையா கட்டுதாங்கன்னா... கோயில் திருப்பணிக் கமிட்டியில நான் சேந்ததுக்குப் பொறவுதான். அதுக்கு முந்தி அந்த மரியாதை யாருக்கும் இல்லாம சும்மா கெடந்துச்சு. கமிட்டியில ஒருநாள் பேச்சு வந்துச்சு, பாளையக்காரர் காலத்துல யாருக்கு மரியாதை இருந்திருக்கும்னு. நான் எங்க பூட்டனைப் பத்திச் சொன்னேன். ஒருத்தரும் எதிர்த்துப் பேசலை. மேலத்தெரு தங்கப்பழம் மட்டும், "பூலுடையாரே, இது யாரு சொல்லி உமக்குத் தெரியும்?"னு கேட்டான். "ரத்தத்துல இருக்கு வே"ன்னேன். அடங்கிட்டான். பொறாமைக்காரப் பய.

தொடர் பத்திரிகையில வர ஆரம்பிச்சுது. வாரா வாரம் கட்டுக்கட்டா வாங்கினேன். மூட்டை வாங்க வாரவங்களுக்கெல்லாம் ஒண்ணொண்ணு குடுத்தேன். "படிச்சுப் பாரும் வே, எங்க பூட்டன் வாராரு"ன்னு. ஆரம்பத்துல நல்லாத்தான் இருந்துச்சு. மலை கணக்கா நிப்பாராம், மீசை காதைத் தொடுமாம், புலிப்பல் போட்டிருப்பாராம். படிக்கப் படிக்க எனக்கு அழுகையே வந்துட்டு. பஸ் ஸ்டாப்புல பெருசா பிளக்ஸ் வச்சேன். படம் வரையத் தெரிஞ்ச பையன் ஒருத்தனை வச்சு எங்க பூட்டனை வரையச் சொன்னேன், முகம் என்னையப் பாத்து வரைஞ்சான். கீழ, 'இவரது வாரிசுகள், பூலுடையார் குடும்பத்தார்'னு போட்டேன். என் மக பேரையும் போட்டேன்.

அந்தச் சமயத்துலதான் அவளுக்கு மாப்பிள்ளை அமைஞ்சுது. என் மக சொர்ணலதா. கோவில்பட்டி ஆஸ்பத்திரி ஒண்ணுல ரத்தம் டெஸ்ட் பண்ணுத வேலை. பையன் கனகவேல், கரண்ட் ஆபீஸ்ல லைன்மேன். ரெண்டு பேரும் ஏற்கெனவே பேசிப் பழகிட்டாங்க. நான் மொதல்ல குதிச்சேன், பொறவு சரின்னுட்டேன். பையன் தங்கம். அவங்க அப்பா கொம்பையா, பருத்தி யாவாரம். அவருதான் கொஞ்சம் மொறுமொறுன்னு இருப்பாரு. பொண்ணு பாக்க வந்தவரு பஸ்ஸை விட்டு இறங்குனதும் பிளக்ஸைப் பாத்துட்டாரு. அதைப் பாத்தபடியே நின்னாரு. பொறவு வந்து என் கையைப் பிடிச்சு, "இப்படி ஒரு வீட்டுச் சம்மந்தம் கிடைக்க நாங்க குடுத்து வச்சிருக்கணும்"னாரு. தாம்பூலத்தட்டு மாத்திக்கிட்டோம். கொம்பையா அன்னைக்கே பத்திரிகை வாங்கிப் படிக்க ஆரம்பிச்சிட்டாரு.

வாங்கிப் படிச்சதுதான் தப்பாப் போச்சு.

அந்த வாரப் பத்திரிகை கட்டு வந்துச்சு. நான் பிரிச்சுப் படிக்கலை, கடையில கூட்டம். வாரவங்க எல்லாத்துக்கும் என் கையாலயே எடுத்துக் குடுத்துட்டு இருக்கேன். அண்ணாச்சி, என் கையாலயே! வாங்கிட்டுப் போனவங்க ஒருத்தரும் திரும்பி வந்து ஒரு வார்த்தை சொல்லலை. டீக்கடையில போயி உக்காந்தேன், பேசிட்டு இருந்தவங்க வாயை மூடிக்கிட்டாங்க. வீட்டுக்கு வந்தா, என் பொண்டாட்டி சண்முகக்கனிதான் படிச்சுச் சொன்னா. ஒரு பை வராகனுக்கும் ஒரு பொம்பளைக்கும் ஆசைப்பட்டு வீரக்கருத்தான் திட்டிவாசலைத் தொறந்து விட்டுட்டான்! கும்பினிப் படை உள்ள வந்துட்டு! தளபதி கொம்புலிங்கம் மதில்மேல வெட்டுப்பட்டுச் சாகுதான்! சாகும்போது என்ன சொல்லுதான் தெரியுமா? "கருத்தான் குலம் தலை நிமிராது"ன்னு சாபம் விட்டுட்டுச் சாகுதான்.

மறுநாள் கொம்பையா கடைக்கு வந்தாரு. பத்திரிகையை யூரியா மூட்டைமேல வீசினாரு. தாம்பூலத்தட்டு அப்படியே துணியில மூடியிருக்கு, அதையும் வச்சாரு. "தளபதி கொம்புலிங்கம் யாரு தெரியுமா? எங்க ஆளு. எங்க வீட்ல தலைமுறை தலைமுறையா கொம்புன்னுதான் பேரு வைப்போம். எங்க ஆளைக் காட்டிக்குடுத்தவன் வீட்ல நாங்க பொண்ணெடுக்க மாட்டோம்"னாரு. போயிட்டாரு.

என்ன அநியாயம் பாருங்க! அந்தத் தளபதி எழுத்தாளர் தலையிலேர்ந்து வந்தவன், அவரே எங்கிட்டச் சொன்னாரு. கதாநாயகிக்கு ஜோடி வேணும்னு உண்டாக்கின ஆளு. கொம்பையா என்னடான்னா பேரு ஒத்துப்போச்சுன்னு அவனைத் தாத்தனாக்கிட்டாரு! அம்மாவாசைக்கு இப்போ அவனுக்கு எள்ளும் தண்ணியும் விடுதாராம். இல்லாத ஒருத்தனைத் தன் வம்சம்னு சொல்லிக்கிட மனுசனுக்கு எப்படி மனசு வருது? கூச்சமே இருக்காதா? எனக்கு அது மட்டும் புரியவே மாட்டேங்குது.

என்ன, வெளியே பாக்கீங்க? சொல்லுததைக் கேக்கீங்களா இல்லையா?

நேரா மெட்ராசுக்கு வண்டி ஏறினேன். பொழிலரசு வீட்டுக் கதவைத் தட்டினேன். மாடி வீடு, ரூம் பூரா பொஸ்தகம். என்னைப் பாத்ததும் ஓடி வந்து கட்டிக்கிட்டாரு, "செங்கரட்டுக்காரரே வாங்க! உங்க பூட்டன் பாத்திரந்தான் வாசகர்கள் மத்தியில பெரிய பேச்சு"ன்னாரு. எனக்கு வந்த கோவத்துக்கு... ஆனா அழுதுட்டேன். என் மக கல்யாணம் நின்னுபோச்சு சாமின்னு அவரு கால்ல விழப் போனேன். அவரு பதறிப்போயி உக்கார வச்சாரு.

"முன்னுரையில தெளிவாச் சொல்லியிருக்கேனே, பாதி சரித்திரம் பாதி கற்பனைன்னு"ன்னாரு.

"முன்னுரையை எவன் சார் படிக்கான்? எது சரித்திரம் எது கற்பனைன்னு கோடு போட்டா குடுத்திருக்கீங்க? பாலுல தண்ணியைக் கலந்து ஊத்திட்டீங்க, இப்போ எது பாலு எது தண்ணின்னு உங்களாலயே பிரிக்க முடியாதே"ன்னேன்.

அதுக்கு அவரு சொன்ன பதிலைக் கேளுங்க. "கோட்டை நிஜம். முற்றுகை நிஜம். வெள்ளைக்காரன் எழுதி வச்சதுல, உள்ளேயிருந்து ஒருத்தன் கதவைத் திறந்து விட்டான்னு ஒரே ஒரு வரி இருக்கு. பேர் இல்லை. கதைக்கு ஒரு பேர் வேணும். திட்டிவாசல் சாவி உங்க பூட்டன் இடுப்புல இருந்ததுன்னு நீங்கதான் சொன்னீங்க. ராஜாவே வந்தாலும் அவர்தான் திறக்கணும்னு நீங்கதான் சொன்னீங்க. அப்புறம் வேற யாரைப் போய் நான் திறக்கச் சொல்றது?"

கோழியும் போட்டு, சாவியையும் நானே எடுத்துக் குடுத்திருக்கேன் பாத்துக்கிடுங்க.

"சரி, ரெண்டாம் பாகம் எழுதுங்க. காசுக்காகத் தொறக்கலை, வெள்ளைக்காரனை உள்ள இழுத்து மடக்கத் தந்திரமாத் தொறந்தாருன்னு எழுதிருங்க"ன்னேன். அவரு சிரிச்சிட்டாரு. பொறவு என் முகத்தைப் பாத்துட்டு சிரிப்பை நிறுத்திக்கிட்டாரு. "ஒண்ணு செய்யலாம். உங்க பூட்டன் அந்தக் காலத்துல அங்க இல்லவே இல்லைன்னா சொல்லுங்க. புத்தகமா வரும்போது பேரை மாத்திடறேன். 'அந்தக் குடும்பத்துக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமில்லை'ன்னு முதல் பக்கத்துலயே போட்டுடறேன். சொல்லுங்க, இருந்தாரா, இல்லையா?"

"இருந்தாரு"ன்னேன்.

ஏன் அப்படிப் பாக்கீங்க? வேற என்ன சொல்லச் சொல்லுதீங்க? இல்லைன்னு சொன்னா பரிவட்டம் என்னத்துக்கு ஆகும்?

சரி. உங்ககிட்டச் சொன்னா என்ன. நீங்க பஸ்ஸை விட்டு இறங்கினா நான் யாரோ நீங்க யாரோ. எங்க அப்பா சாகுததுக்கு முந்தி ஒரு விசயம் சொல்லிட்டுப் போனாரு. வெள்ளைக்காரன் கோட்டையை இடிச்சு முக்கா நூற்றாண்டு கழிச்சுத் தாது வருசப் பஞ்சம் வந்துச்சுலா, சனம் கொத்துக் கொத்தாச் செத்துச்சே, அந்தப் பஞ்சத்துல சேலம் பக்கத்துலேர்ந்து நடந்தே வந்த ஆளாம் எங்க பூட்டன். வெறும் கருத்தான்தான். 'வீர' நான் வச்சது, ஒரு எடுப்பா இருக்கட்டும்னு. கைக்குழந்தையோட பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டு வந்து, செங்கரட்டுல கஞ்சித்தொட்டி வச்சிருந்தாங்களாம், அதுல வாங்கிக் குடிச்சு உசிரு பிழைச்சு, அப்படியே தங்கிட்டாங்களாம். அந்தக் கைக்குழந்தைதான் எங்க தாத்தா. அப்பா இதைச் சொல்லும்போது அவரு கண்ணுல தண்ணி. எங்க வீட்டுக்காரியும் கேட்டுக்கிட்டு நின்னா, என் மகளும் நின்னா. பெரியவரு சாகுத நேரத்துல ஏதோ பிதற்றுதாருன்னு நான் விட்டுட்டேன்.

இவளுக விடலை. மெட்ராஸ்லேர்ந்து திரும்பி வந்தா ரெண்டு பேரும் எனக்காகக் காத்துட்டு நிக்காளுக. சொர்ணம் சொல்லுதா, "அப்பா, கனகவேலு அவங்க அப்பாகிட்டப் பேசிட்டாரு. அவரு எறங்கி வந்துட்டாரு. கொடையில, மைக்குல, எல்லார் முன்னாலயும் நீங்க உண்மையைச் சொல்லிட்டாப் போதும். நாங்க தாது வருசத்துல வந்தவங்க, கோட்டை விழுந்தப்போ எங்க ஆளு யாரும் இந்த ஊர்லயே இல்லைன்னு. அவரு தட்டைத் திருப்பி வாங்கிக்கிடுதேன்னுட்டாரு."

"அதெப்படிட்டி சொல்ல முடியும்?"

"ஏன் சொல்ல முடியாது? நெசந்தானே?"

"கஞ்சிக்கு வந்தவங்கன்னு ஊரு முன்னால சொல்லச் சொல்லுதியா?"

"கஞ்சி குடிச்சதாலதானே இன்னைக்கு நாம இருக்கோம். அதுல என்னப்பா கேவலம்?"

சின்னப்பிள்ளை. உலகம் தெரியாது. ஆனா அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா அண்ணாச்சி. அந்தக் கை எலும்பும் தோலுமா இருந்துச்சு. தட்டு திரும்பி வந்ததுலேர்ந்து அவ சரியாச் சாப்பிடலை. நான் ஒத்துக்கிட்டேன். சொல்லுதேம்மான்னு அவ தலையில கை வச்சுச் சத்தியம் பண்ணினேன். தினமும் காலையில கடை தொறக்க முந்தி மூட்டைகளுக்கு முன்னால நின்னு சொல்லிச் சொல்லிப் பாத்தேன். மூட்டைகிட்டச் சொல்லும்போது நல்லாத்தான் வந்துச்சு.

கொடையன்னைக்கு மத்தியானப் பூசை. நையாண்டி மேளம், சனம் கோயிலைச் சுத்தி நிக்கி. கொம்பையா வந்திருக்காரு, பக்கத்துல கனகவேலு. எங்க வீட்டுக்காரி, சொர்ணம், எல்லாரும் முன்னாலயே நிக்காங்க. சொர்ணம் பச்சைப் பட்டு கட்டியிருந்தா. என்னைப் பாத்துச் சிரிச்சா. ரொம்ப நாளைக்குப் பொறவு அன்னைக்குத்தான் அவ சிரிச்சுப் பாக்கேன். பூசாரி பரிவட்டத்தை எடுத்துத் தலையில கட்டினாரு. மேளம் நின்னுச்சு. கமிட்டிக்காரங்க மைக்கைக் கையில குடுத்தாங்க.

"எல்லாருக்கும் வணக்கம். எங்க பூட்டனைப் பத்தி ஒரு உண்மையைச் சொல்லணும்"னு ஆரம்பிச்சேன். அப்பத்தான் பாத்தேன், பூசாரி பக்கத்துல மேலத்தெரு தங்கப்பழம் குளிச்சு முழுகி, பட்டுத்துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு, தயாரா நிக்கான். பய மோப்பம் பிடிச்சிட்டான். நான் இல்லைன்னு சொன்ன வாயி மூடுததுக்குள்ள பரிவட்டம் என் தலையிலேர்ந்து அவன் தலைக்குப் போயிரும். அவன் தலையை நல்லா எண்ணெய் வச்சு வாரிட்டு வந்திருக்கான், அண்ணாச்சி!

என் வாயி என் பேச்சைக் கேக்கலை. சத்தியமாச் சொல்லுதேன், நான் சொல்ல நினைச்சது ஒண்ணு.

"ஆமா, தொறந்தது எங்க பூட்டன்தான்!"னுட்டேன். "தொறக்கணும்னா சாவி யாருகிட்ட இருக்கணும்? எங்ககிட்டத்தான் இருந்துச்சு! தொறந்தாலும் எங்க ஆளு, மூடினாலும் எங்க ஆளு! எங்களை விட்டா இந்தக் கோட்டைக்கு வாசல் ஏது?"

கைதட்டுவாங்கன்னு நினைச்சேன். ஒருத்தனும் தட்டலை. கொம்பையா துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டாரு. கனகவேலு மட்டும் கொஞ்ச நேரம் தரையைப் பாத்துட்டு நின்னான், பொறவு அவனும் போயிட்டான். சொர்ணத்தைப் பாத்தேன். அவ அழலை. அழுதிருந்தாக்கூட நான் தாங்கியிருப்பேன். யாரோ ஒரு பிச்சைக்காரனைப் பாக்குத மாதிரி என்னைப் பாத்தா. அவ அம்மை கையைப் பிடிச்சுக்கிட்டு நடந்து போயிட்டா. நான் பரிவட்டத்தோட நிக்கேன். தேங்காமுறி கையில இருக்கு.

மறுநாளே சண்முகக்கனியும் சொர்ணமுமாக் கொம்பையா வீட்டுக்குப் போயிருக்காங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. என் மக அவரு முன்னால நின்னு எல்லாத்தையும் சொல்லியிருக்கா. சேலத்துலேர்ந்து நடந்து வந்தது, கஞ்சித்தொட்டி, கைக்குழந்தை, எல்லாம். "எங்க அப்பா சொன்னது அத்தனையும் கட்டுக்கதை மாமா. இதை ஏத்துக்கிட்டா ஏத்துக்கிடுங்க, இல்லேன்னா விடுங்க"ன்னுருக்கா. அந்த மனுசன், "உண்மையைச் சொல்லுதியேம்மா, அது போதும்"னு அழுதாராம். ஆனா அவரு தளபதியை இன்னும் விடலை, அதையும் சொல்லிருதேன். கல்யாண மண்டபத்துல பேனர் வச்சிருக்காராம், 'தளபதி கொம்புலிங்கம் இல்லத் திருமணம்'னு. அது மட்டும் பரவால்லையாம்!

எனக்கு ரெண்டு மாசமா வீட்ல பேச்சு கிடையாது. சண்முகக்கனி சோறு போடுவா, போயிருவா. தொடரும் முடிஞ்சு, பொஸ்தகமா வந்து, இப்போ ஊரெல்லாம் விக்கி. கடைக்கு வாரவங்க மூட்டையை எடுத்துக்கிட்டு, என் முகத்தைப் பாக்காமப் போறாங்க. வீடு பூரா கல்யாணச் சாமான், எனக்கு யாரும் ஒண்ணும் காட்டலை. பட்டுச்சேலை என்ன கலர்னு கூட எனக்குத் தெரியாது. ஒருநாள் அவ இல்லாத நேரத்துல பெட்டியைத் தொறந்து பாக்கலாமான்னு நினைச்சு, பொறவு தொறக்காம விட்டுட்டேன். பெத்த மக கல்யாணச் சேலையைக் களவாப் பாக்குத நெலைமை எந்தப் பயலுக்கும் வரப்படாது.

இன்னைக்குக் காலையில போன் பண்ணினா. சொர்ணந்தான்.

"அப்பா, கிளம்பி வாங்க"ன்னா.

"வாரேம்மா, இந்தா வந்துட்டேன்"னேன்.

"வந்து, நான் மணமேடைக்கு வாரதுக்கு முந்தி, மைக்குல உண்மையைச் சொல்லுங்க. தாது வருசம், கஞ்சித்தொட்டி, ரெண்டே ரெண்டு வரிதான். சொன்னீங்கன்னா நீங்கதான் என்னைத் தாரைவார்த்துக் குடுக்கணும். சொல்ல மாட்டீங்கன்னா அம்மாகூடப் பொறந்த மாமா குடுப்பாரு."

"கொம்பையா சொல்லச் சொன்னாராம்மா?"

"அவரு ஒண்ணும் சொல்லலை. எனக்காகச் சொல்லுங்க"ன்னா. "எங்க அப்பா எனக்காக ஒரு தடவையாவது அந்தத் துணியைத் தலையிலேர்ந்து இறக்கி வச்சாருன்னு நான் பாக்கணும்"னா. போனை வச்சிட்டா.

அண்ணாச்சி, எனக்கு ஒரே மக. பொறந்தப்போ இந்தா, இம்புட்டுத்தான் இருந்தா. என் உள்ளங்கையில படுக்க வச்சுத் தூங்க வைப்பேன். அவ கையை இன்னொருத்தன் கையில பிடிச்சுக் குடுக்குதது நானா இருக்கணும், இல்ல எவனோவா? நானாத்தானே இருக்கணும்? சொல்லுங்க! சொல்லிருதேன், இன்னைக்குக் கண்டிப்பாச் சொல்லிருதேன். தங்கப்பழம் வந்து நின்னாலும் சரி, அவன் அப்பன் வந்து நின்னாலும் சரி. எனக்குப் பரிவட்டமும் வேண்டாம், பூட்டனும் வேண்டாம். எம்பிள்ளை போதும்.

மணி என்ன ஆச்சு? பத்தா? இன்னும் எட்டு கிலோமீட்டர் இருக்குமா? இந்த டிரைவர் ஏன் இப்படி உருட்டிட்டுப் போறான், சவத்தெழவு!

ஒரு உதவி செய்யுங்க. பொஸ்தகத்தை அப்படி வச்சிட்டு என்னைக் கொஞ்சம் பாருங்க. உங்ககிட்ட ஒரு தடவை சொல்லிப் பாத்துக்கிடுதேன். மண்டபத்துல இருக்குத சனம்னு நினைச்சுக்கிடுங்க உங்களை. மூட்டைகிட்டச் சொல்லிப் பழகினதுதான் தப்பு, மனுசங்ககிட்டச் சொல்லிப் பழகியிருக்கணும்.

இந்தா, எந்திரிச்சு நின்னே சொல்லுதேன். கம்பியைப் பிடிச்சுக்கிடுதேன்.

எல்லாருக்கும் வணக்கம். நான் பொண்ணோட அப்பா, பூலுடையார். கோட்டைக்கும் எங்களுக்கும் சம்மந்தமில்ல. திட்டிவாசல், சாவி, எல்லாம் நான் சொன்ன பொய்யி.

எப்படி? சரியா வருதுலா? இருங்க, முடிச்சிருதேன்.

எங்க பூட்டன் பேரு கருத்தான். தாது வருசப் பஞ்சத்துல, பொண்டாட்டி பிள்ளையோட, பட்டினியா நடந்து வந்தாரு. செங்கரட்டுல கஞ்சித்தொட்டி முன்னால வரிசையில நின்னு, கஞ்சி வாங்கிக் குடிச்சுத்தான் எங்க வம்சம் பிழைச்சுது.

அந்த வரிசையில மொத ஆளு எங்க பூட்டன்தான். அவரு வாங்கின பொறவுதான் மத்தவங்களுக்கு ஊத்துவாங்களாம்.